எடையைக் குறைத்தாகிவிட்டது, பிஞ்ச் ஈட்டிங் போகவில்லை: இனி என்ன செய்வது?

எடையைக் குறைத்து முடித்தவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: விட்டுவிடாதே, இன்னும் இறுக்கிப் பிடி. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்து, 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போடு, தினமும் காலையில் எடை பார். சாதாரணமாகச் சாப்பிடுகிறவருக்கு இது ஓரளவு பலிக்கலாம். பிஞ்ச் ஈட்டிங், அதாவது கை மீறி அளவுக்கு மிஞ்சித் தின்னும் சிக்கல், இருப்பவருக்குப் போன எடையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவதே இந்த அறிவுரைதான். பகலெல்லாம் வயிற்றைக் கட்டினால் ராத்திரி கை கட்டுப்படாது. ராத்திரி தின்றதற்குத் தண்டனையாக மறுநாள் காலை டிபனை விட்டால் அன்று சாயங்காலம் மறுபடி அதே கதை. இந்தச் சுற்றை வெட்ட வேண்டிய இடம் ராத்திரி இல்லை, பகல்.

மனஉறுதி இல்லாததால்தான் இப்படி என்று நினைப்பவர்கள் ஒரு பழைய ஆராய்ச்சியைத் தெரிந்துகொள்வது நல்லது. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு மட்டும் கொடுத்தார். உடல் எடையில் கால்வாசி போனது. கட்டுப்பாடு நீங்கியதும் அவர்களில் பலர் வயிறு முட்டத் தின்றும் அடங்காமல் தவித்தார்கள். அதற்கு முன் அவர்களுக்குச் சாப்பாட்டில் எந்தச் சிக்கலும் இருந்ததில்லை. 2011-ல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுதலாகவும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறைவாகவும் இருந்ததைக் காட்டியது. ஆக, எடை குறைந்த உடம்புக்கு முன்னைவிடப் பசி அதிகம். அந்தப் பசியை மேலும் பட்டினி போட்டு ஜெயிக்க முடியாது.

எது பிஞ்ச், எது இல்லை

மழை நாளில் பஜ்ஜி நாலு கூடுதலாக உள்ளே போவது பிஞ்ச் இல்லை. கல்யாண வீட்டில் மூச்சு முட்டச் சாப்பிடுவதும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள், பொதுவாக ஒருவர் சாப்பிடும் அளவைவிட மிக அதிகமாக, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் தின்பதுதான் பிஞ்ச். பசி இல்லாமல்கூட ஆரம்பிக்கும், வேகம் கூடும், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து நடக்கும், முடிந்ததும் தன் மேலேயே அருவருப்பு வரும். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேடு இதைத் தனி நோயாகவே சேர்த்தது. வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாக என்பது அதன் அளவுகோல். உங்களுக்கு மாதம் இரண்டு முறைதான் என்றாலும் கீழே சொல்பவை பொருந்தும்.

தொடங்கும் முன் சில எச்சரிக்கைகள். தின்ற பிறகு வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது இருந்தால் இந்தக் கட்டுரையோடு நிற்க வேண்டாம். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பே தாறுமாறாகலாம், உடனே டாக்டரைப் பாருங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகள், சாப்பாட்டு நேரத்தை மாற்றும் முன் டோஸ் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். எடை குறைத்ததில் மாதவிடாய் நின்றுபோயிருந்தாலோ, உயரத்துக்கு வேண்டிய எடையைவிடக் கீழே போயிருந்தாலோ, அந்த எடையைத் தக்கவைக்கவே கூடாது.

கடிகாரம் பார்த்துச் சாப்பிடுவது

முதல் வேலை இது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஒரு நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுணவு. எந்த இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிகிச்சை முறையின் அடித்தளமும் இதுதான். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் பிஞ்ச் எண்ணிக்கையை முதலில் குறைப்பது இது ஒன்றுதான்.

அலுவலகம் போகும் நடுத்தர உடல்வாகு உள்ள ஒருவருக்குத் தோராயமாக இப்படி இருக்கலாம். காலை 7:30-க்கு மூன்று இட்லி அல்லது இரண்டு தோசை, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு அவித்த முட்டை. 10:30-க்கு ஒரு பழமும் ஒரு டம்ளர் மோரும், அல்லது ஒரு கைப்பிடி வறுகடலை. மதியம் 1:30-க்கு ஒன்றரைக் கப் சோறு, குழம்பு, ஒரு கப் பொரியல், கூடவே 100 கிராம் மீனோ கோழியோ. சைவம் என்றால் பருப்புக் கூட்டும் ஒரு கப் தயிரும். சாயங்காலம் 5 மணிக்கு டீயோடு ஒரு கப் சுண்டல். ராத்திரி 8:30-க்கு மூன்று சப்பாத்தி, பருப்பு அல்லது பனீர். உடல் உழைப்பு உள்ளவருக்கு இது பற்றாது. நைட் ஷிப்டில் இருப்பவர்கள் எழுந்திருக்கும் நேரத்தையே காலை என்று வைத்துக்கொண்டு எண்ண வேண்டும்.

சோற்றை விடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். விட்ட பொருள்தான் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிடும்.

இந்த ஐந்தில் முக்கியமானது எது என்று கேட்டால் சாயங்காலம் 5 மணி. நம் ஊர்ச் சாப்பாட்டு நேரத்தில் பெரிய பள்ளம் அங்கேதான். மதியம் டிபன் பாக்ஸில் கொஞ்சம், 4 மணிக்கு ஒரு டீ, இரண்டு பிஸ்கட், பிறகு பஸ், டிராஃபிக். வீடு சேரும்போது ஏழரை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுக்களை. நின்றபடியே மிக்சர் டப்பாவைத் திறந்து ஒரு பிடி, இன்னொரு பிடி. பாத்திரத்தில் மிஞ்சிய மதியச் சோற்றில் தயிரை ஊற்றி ஊறுகாயோடு நாலு வாய். பிறகு ஃப்ரிட்ஜில் இருக்கும் ஸ்வீட் பாக்ஸ். இவ்வளவும் பத்து நிமிஷத்தில், விளக்குகூடப் போடாமல். இது அடுக்களையில் ஆரம்பித்த பிஞ்ச் இல்லை, மதியம் ஒன்றரைக்கே ஆரம்பித்தது. 5 மணிச் சுண்டலை அலுவலகத்திலேயே சாப்பிட்டால் இதில் பெரும்பகுதி நடக்காது. சுண்டல் கொண்டுபோக முடியாவிட்டால் மேசை டிராயரில் 30 கிராம் பொட்டலங்களாக வேர்க்கடலை போட்டு வையுங்கள். ஒரே பெரிய பாக்கெட்டாக வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் வழுக்கி விழும் இன்னோர் இடம் காலை. முந்தின ராத்திரி பிஞ்ச் நடந்திருந்தால் காலையில் பசியே இருக்காது. பசிக்கவில்லையே, விட்டுவிடலாம் என்று தோன்றும். விடாதீர்கள். இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். பசி, நிறைவு இரண்டும் ஒழுங்காகத் தெரிய ஆரம்பிக்கச் சில வாரம் ஆகும். அதுவரை வயிறு சொல்வதை நம்பாமல் கடிகாரத்தை நம்ப வேண்டும்.

டயட்டிலிருந்து வெளியே வருவது

எடை குறைக்கச் சாப்பிட்ட அளவு வேறு, குறைந்த எடையில் நிற்கச் சாப்பிட வேண்டிய அளவு வேறு. பலர் முதல் அளவிலேயே தங்கிவிட்டு, அதைத் தாங்க முடியாமல் வாரத்தில் இரண்டு நாள் உடைகிறார்கள். கணக்குப் போட்டால் அந்த இரண்டு நாளில் மற்ற ஐந்து நாள் மிச்சமும் போய்விடும்.

ஒரு முறைக்கு ஒரு பொருளை மட்டும் கூட்டுங்கள்: ஒரு சப்பாத்தி, அல்லது ஒரு கரண்டி சோறு, அல்லது ஒரு சிறு கைப்பிடி கடலை. இது 100 முதல் 150 கலோரி வரை. ஒரு வாரம், இரண்டு வாரம் பார்த்துவிட்டு அடுத்ததைக் கூட்டுங்கள். நாலு வாரம் எடை ஒரே இடத்தில் நின்றால் அதுதான் உங்கள் அளவு.

பேலியோவிலிருந்தோ சோறே இல்லாத டயட்டிலிருந்தோ திரும்புகிறவர்களுக்கு முதல் பத்து நாளில் ஒன்று, ஒன்றரை கிலோ கூடும். பயப்பட வேண்டாம். மாவுச்சத்து உடம்பில் கிளைகோஜனாகச் சேரும்போது, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கும். ஏறியது பெரும்பாலும் தண்ணீர்தான். இதைக் கொழுப்பு என்று நினைத்து மறுபடி சோற்றை நிறுத்துபவர்களுக்குத்தான் அடுத்த வாரம் பிஞ்ச் வருகிறது. சீட் டே பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம்: ஆறு நாள் கட்டிப்போட்டு ஏழாம் நாள் அவிழ்த்து விடுவது, பிஞ்ச்சுக்கு நாள் குறித்துக் கொடுப்பது. அதை எடுத்துவிடுங்கள்.

எடை மெஷின்

வாரம் ஒரு நாள். அதே கிழமை, காலையில், பாத்ரூம் போய்விட்டு வந்து, சாப்பிடும் முன். புதன் அல்லது வியாழன் நல்லது. திங்கட்கிழமை வார இறுதியின் உப்பையும் தண்ணீரையும் சேர்த்துக் காட்டும். தினமும் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். எடையைத் தக்கவைத்தவர்களை 1994 முதல் பதிவு செய்துவரும் அமெரிக்கப் பதிவேட்டில், முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள்தான். ஆக, எடை பார்ப்பது தேவை. ஆனால் பிஞ்ச் உள்ளவர் தினமும் மெஷினில் ஏறினால், 600 கிராம் கூடினாலும் அன்றைய சாப்பாட்டைக் குறைப்பார், குறைந்தாலும் அதைக் கொண்டாடித் தின்பார். வாரம் ஒன்று போதும்.

பிஞ்ச் நடந்தால் அடுத்த நாலு நாள் மெஷின் பக்கமே போகாதீர்கள். ஒரு பிளேட் பிரியாணி, 200 கிராம் மிக்சர், அரை கிலோ ஐஸ்கிரீம் என்று வைத்தால் சுமார் 3000 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்ற தோராயக் கணக்கில் அது 400 கிராமுக்கும் குறைவு. மெஷினோ மறுநாள் இரண்டு கிலோ காட்டும். மீதியெல்லாம் உப்பு பிடித்து வைத்த தண்ணீர், குடலில் இருக்கும் உணவு. தானாக இறங்கிவிடும், பட்டினி தேவையில்லை.

ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், மூன்று கிலோ அகலமுள்ள ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். 68-ல் நிற்க விரும்புபவர் 67 முதல் 70 வரை. தொடர்ந்து மூன்று வாரம் 70-க்கு மேல் போனால் மட்டும் ஏதாவது செய்ய வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது தட்டை இல்லை, பிஞ்ச் எண்ணிக்கையை. அது கூடியிருந்தால் சாப்பாட்டு நேரம் எங்கே உடைந்தது என்று தேடுங்கள். அளவைக் குறைத்தால் இன்னும் கெடும். பிஞ்ச்சே இல்லாமல் எடை மட்டும் ஏறினால் எண்ணெய், சமைக்கும்போது ருசி பார்ப்பது, பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை எடுத்துச் சாப்பிடுவது, சர்க்கரை போட்ட நாலாவது காபி என்று பாருங்கள்.

நோட்டு

ஐந்து பத்தி போட்ட ஒரு நோட்டு: நேரம், சாப்பிட்டது, இடம், பசி இருந்ததா, அதற்கு முன் என்ன நடந்தது. கை மீறிப்போன வேளைக்கு ஒரு நட்சத்திரக் குறி. கலோரி எழுத வேண்டாம். சாப்பிட்ட உடனே எழுத வேண்டும். ராத்திரி மொத்தமாக எழுதினால் மறக்க நினைப்பதெல்லாம் மறந்துபோயிருக்கும். வீட்டில் யாராவது படிப்பார்கள் என்றால் போனில் எழுதுங்கள்.

இரண்டு வாரம் கழித்து நட்சத்திரங்களை மட்டும் பாருங்கள். எல்லாம் ஐந்து மணி நேர இடைவெளிக்குப் பிறகு விழுந்திருக்கிறதா? வீட்டில் தனியாக இருக்கும் வெள்ளி இரவுகளா? மாதவிடாய்க்கு முந்தைய வாரமா? தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போன மறுநாளா? ஒருவருக்கு ஒன்று, இரண்டு காரணங்களே பெரும்பாலான நட்சத்திரங்களை விளக்கிவிடும்.

தவிப்பு வரும்போது

ஒரே கேள்வி: கடைசியாகச் சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் அது பசி. தட்டில் போட்டு, உட்கார்ந்து, ஒரு முழுச் சாப்பாடு சாப்பிடுங்கள். ஆகவில்லை என்றால் அது வேறு தவிப்பு. அது ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். அந்த நேரத்தில் அடுக்களையை விட்டு வெளியே இருக்க வேண்டும், கை சும்மா இருக்கக் கூடாது. தலைக்குக் குளிப்பது, மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுத்து வருவது, அயர்ன் பண்ணுவது, தோழிக்கு போன் போடுவது. டிவி பார்ப்பது உதவாது. டிவி முன்னால் கை தானாக எதையாவது தேடும். என்ன செய்வது என்று அந்த நேரத்தில் யோசிக்க முடியாது என்பதால், ஐந்து வேலைகளை முன்பே எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

ஸ்விகி, சொமேட்டோவில் சேமித்த கார்டு விவரத்தை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எண்களைத் தட்டவேண்டி வந்தால் அந்த இரண்டு நிமிஷம் உங்கள் பக்கம். ஆர்டர் போட நினைத்தவரை இது முழுசாகத் தடுக்காது, தாமதப்படுத்தும்.

ஆரம்பித்துவிட்டால்? நடுவில் நிறுத்தலாம். கெட்டதுதான் கெட்டது, முழுசாகவே தின்றுவிடுவோம் என்ற எண்ணம்தான் ஆயிரம் கலோரியை மூவாயிரம் ஆக்குகிறது. பாதியில் நின்றது தோல்வி இல்லை. நோட்டில் அப்படியே எழுதுங்கள்.

மறுநாள் காலை

மொத்த முறையும் நிற்பதோ விழுவதோ இங்கேதான். டிபனை விட்டால் மிச்சமாவது ஏறக்குறைய 350 கலோரி. அதனால் வரும் அடுத்த பிஞ்ச்சின் விலை 3000. எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ளாத பேரம் இது. எனவே 7:30-க்கு வழக்கமான டிபன். எலுமிச்சைச் சாறு மட்டும், பழம் மட்டும், இரண்டு மணி நேர நடை என்று எதுவும் வேண்டாம். நடப்பவராக இருந்தால் வழக்கமான 40 நிமிஷம் நடங்கள், கூட்டாதீர்கள். உடற்பயிற்சி தண்டனையாக மாறினால் சீக்கிரமே அதுவும் நின்றுவிடும்.

தள்ளிவைத்த பண்டங்கள்

நாலு வாரம் நேரம் ஒழுங்கான பிறகு, பயந்து ஒதுக்கிய பொருள்களைப் பட்டியல் போட்டு, குறைவாகப் பயமுறுத்தும் ஒன்றில் தொடங்குங்கள். ஜிலேபி என்றால் ஒரே ஒரு ஜிலேபி, கடையிலேயே, சாப்பாட்டுக்குப் பிறகு, முடிந்தால் யாரோடாவது. பசியோடு, தனியாக, கால் கிலோ பெட்டியை வீட்டுக்கு வாங்கி வந்து சோதனை செய்யக் கூடாது. வாரம் இரண்டு முறை அதையே சாப்பிடுங்கள். அலுப்பாகும்வரை போய்ப் பிறகு அடுத்தது. தீபாவளிக்கு வரும் ஸ்வீட் பெட்டிகளில் வேண்டியதை எடுத்துக்கொண்டு அன்றே பிரித்துக் கொடுத்துவிடுவது நல்லது. அடுக்களையில் ஆறு பெட்டி இருக்கும் வாரம் பயிற்சிக்கு ஏற்றதில்லை.

விரதம் இருப்பவர்கள் முழுப் பட்டினியைத் தவிர்த்துப் பால், பழம், பலகாரம் என்று அதே ஐந்து நேரத்துக்கும் பிரித்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்குப் போகிறோமே என்று மதியத்தைக் காலி வயிறாக விடாதீர்கள். 5 மணிச் சிற்றுணவை முடித்துவிட்டே பந்தியில் உட்காருங்கள். வற்புறுத்தி வைக்கும் உறவுக்கு விளக்கம் கொடுத்தால் பேச்சு நீளும். “அத்தை, சோறு போதும், பாயசம் மட்டும் கொஞ்சம் ஊத்துங்க” என்றால் அவர்களுக்கும் திருப்தி, உங்களுக்கும் அளவு.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: எடையைப் பற்றி, தட்டைப் பற்றிப் பேச வேண்டாம். “நல்லா இளைச்சுட்டே” என்ற பாராட்டும் சேர்த்துத்தான். டப்பாவைப் பூட்டி வைப்பது, ஒளித்து வைப்பது வேண்டாம். ஒளித்து வைத்ததைத் தேடித் தின்பதில் வெட்கம் கூடுகிறது, வெட்கம் கூடினால் பிஞ்ச்சும் கூடும்.

டாக்டரிடம் எப்போது

ஆறு முதல் எட்டு வாரம் நேரம் தவறாமல் சாப்பிட்டும் வாரம் ஒரு நட்சத்திரமாவது விழுகிறது என்றால், அல்லது உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், மனநல மருத்துவரையோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டையோ பார்க்க வேண்டும். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்தால் காத்திருக்கவே கூடாது, உடனே பேச வேண்டும். அரசின் மனநல உதவி போன் சேவையான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் பார்க்கலாம்.

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிஞ்ச் ஈட்டிங் உள்ள பெரியவர்களுக்கு முதலில் வழிநடத்தப்பட்ட சுயஉதவியை, அதாவது ஒருவர் துணையோடு தானே செய்துகொள்ளும் முறையை, தருகிறது: 16 வாரத்தில் 20 நிமிஷ அமர்வுகள் நாலு முதல் ஒன்பது. போதவில்லை என்றால் அறிதல் நடத்தைச் சிகிச்சை (சிபிடி), அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை. சிகிச்சையின் இலக்கு எடை குறைப்பது இல்லை என்றும் அது வெளிப்படையாகச் சொல்கிறது. எடையைக் குறைக்கும் என்று சொல்லி சிகிச்சை விற்பவரிடம் கவனமாக இருங்கள்.

எடை குறைக்கப் போடும் செமாக்ளூடைடு போன்ற ஊசிகள் பசியைக் குறைக்கும். ஆனால் அவை பிஞ்ச் ஈட்டிங்குக்கென்று அங்கீகரிக்கப்பட்டவை இல்லை. ஒரு பெரிய ஆய்வில், ஊசியை நிறுத்தி ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஊசி போடும்போதே மேலே சொன்ன நேர ஒழுங்கைப் பழக்கிக்கொள்ளாதவர், அதை நிறுத்தும் நாளில் மறுபடி தொடக்கத்திலிருந்து வர வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு, மனநோய்க்குத் தரும் ஒலான்சபின் போன்ற சில மருந்துகள் பசியைக் கூட்டும். அவற்றை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்தவரிடம் கேட்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது இரண்டு வார நோட்டையும் மாத்திரைச் சீட்டுகளையும் கொண்டுபோங்கள். உள்ளே போனதும் “எடை கூடுது டாக்டர்” என்று ஆரம்பித்தால் கையில் ஒரு டயட் சார்ட் கிடைக்கும். “சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்த முடியல, வாரத்துல இத்தனை தடவை நடக்குது” என்று ஆரம்பியுங்கள்.